துப்பாக்கியோடு பயணம்: உரிமம் மட்டும் இருந்தால் போதுமா?

குளுவாங்கில் ஐந்து ஏக்கர் செம்பனைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரை எண்ணிக் கொள்ளுங்கள். காட்டுப்பன்றித் தொல்லைக்காக முறையாக விண்ணப்பம் செய்து, போலீஸ் உரிமத்தோடு ஒரு வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கிறார். இருபது வருடமாக ஒரு குறையும் இல்லை. மெர்சிங்கில் இருக்கும் மைத்துனரிடமிருந்து ஒரு வெள்ளிக்கிழமை இரவு தொலைபேசி வருகிறது. "மாமா, இங்கே பன்றி மரவள்ளியையெல்லாம் தோண்டிப் போட்டுடுச்சு. நாளைக்குத் துப்பாக்கியோட வந்துட்டுப் போங்களேன்."

மறுநாள் விடியற்காலையில் துப்பாக்கியைத் துணியில் சுற்றிப் பின் இருக்கையில் போடுகிறார். தோட்டாக்கள் சட்டைப் பையில். பக்கத்து வீட்டுப் பையனும் வேடிக்கை பார்க்க ஏறிக் கொள்கிறான். வழியில் ஒரு கடையில் காரை நிறுத்தி ரொட்டி சானாயும் தே தாரேக்கும் சாப்பிடுகிறார்கள். உரிமப் புத்தகம் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. ஜெமாலுவாங் சந்திப்புக்கு முன்னால் போலீஸ் சாலைத் தடுப்பு.

இந்த மனிதர் கொள்ளைக்காரர் அல்ல, குண்டர் கும்பலைச் சேர்ந்தவரும் அல்ல. ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பிய ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை தவறுகள் செய்துவிட்டார் என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தால் திகைப்பாக இருக்கும். துப்பாக்கி உரிமம் வாங்குவதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட, அந்தத் துப்பாக்கியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு போவதில் பலர் காட்டுவதில்லை. ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமை?

மலேசியாவின் துப்பாக்கிச் சட்டத்தைப் புரிந்து கொள்ள வேண்டுமானால் அவசர காலத்தை நினைவில் கொள்ள வேண்டும். 1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மலாயாவில் அவசர காலம் பிரகடனம் செய்யப்பட்டது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. அந்த நாளில் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தாலே தூக்குத் தண்டனை. ஜொகூரில் சிகாமட், லாபிஸ், யோங் பெங், குளுவாங் வட்டாரங்கள் அந்தப் போராட்டத்தின் கடுமையை நேரில் கண்டவை. தோட்டங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்ட காலத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் நம்மிடையே உண்டு.

தமிழர்கள் மறக்க முடியாத ஒரு பெயரும் அந்தக் காலத்தில் இருக்கிறது. மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மார்ச் மாதம் ரவாங் வட்டாரத்தில் கைது செய்யப்பட்டார். அவர் மீது சாட்டப்பட்ட குற்றம், கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தது. இந்திய அரசாங்கம் எடுத்த முயற்சிகளையும் மீறி, 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அந்த வழக்கின் நியாய அநியாயங்களைப் பற்றி இன்றும் பேசப்படுகிறது. ஆனால் ஆயுதம் ஒருவர் கையில் இருக்கிறது என்ற ஒரே காரணம் எவ்வளவு பெரிய விஷயமாக இந்த மண்ணில் கருதப்பட்டது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அவசர காலம் முடிந்த அதே ஆண்டில் வந்ததுதான் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதையடுத்து 1971இல் சுடும் ஆயுதங்களுக்கான கடும் தண்டனைச் சட்டம் வந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசாவின் 57ஆவது பிரிவு, பாதுகாப்புப் பகுதியில் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்கு மரண தண்டனை விதித்தது. அந்தச் சட்டம் 2012இல் அகற்றப்பட்டது. 2023 ஜூலை முதல் கட்டாய மரண தண்டனையும் நீக்கப்பட்டு, தண்டனையை முடிவு செய்யும் அதிகாரம் நீதிபதியிடம் விடப்பட்டது. ஆனாலும் மற்றத் தண்டனைகள் அப்படியே இருக்கின்றன.

அவற்றை ஒருமுறை நிதானமாகப் படிப்பது நல்லது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 14 ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது 6 பிரம்படிகள். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி, உரிமமின்றி ஆயுதமோ தோட்டாவோ வைத்திருப்பவருக்கு 7 ஆண்டுகள் வரை சிறை அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும். துப்பாக்கியே இல்லாமல் தோட்டா மட்டும் இருந்தாலும் வழக்கு உண்டு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 'எதற்கும் உதவாத பழைய தோட்டா' என்று மேசை அறையில் போட்டு வைத்திருப்பவர்கள் இந்த வரியை இரண்டாவது முறையும் படிக்கலாம்.

ஆயுதம் என்றால் எது?

தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கி மட்டும்தான் ஆயுதம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். துப்பாக்கியின் ஒரு பாகமும் ஆயுதம்தான். ஆகவே குழலைக் கழற்றி ஒரு காரிலும் கட்டையை வேறொரு காரிலும் கொண்டு போனால் தப்பித்துக் கொள்ளலாம் என்பது வீண் கணக்கு. இரண்டு காரில் இருப்பவர்களும் மாட்டிக் கொள்வார்கள்.

கம்பத்துப் பக்கம் 'பக்காக்குக்' என்று சொல்லப்படும் நாட்டுத் துப்பாக்கி ஒன்று உண்டு. இரும்புக் குழாயை வைத்துப் பட்டறையில் செய்தது. இதற்கு உரிமம் என்ற பேச்சே கிடையாது. சொந்தத் தோட்டத்தில் வைத்திருந்தாலும் குற்றம். அதோடு, சுடும்போது குழாய் வெடித்துச் சுடுபவரின் கையையும் கண்ணையும் பறிக்கக் கூடியது. விளையாட்டுக்காக வைத்திருக்கும் போலித் துப்பாக்கிக்கும் ஆயுதச் சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு.

நாட்டில் தோட்டக்காரர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது மலாயில் 'செனாப்பாங் பாத்தா' எனப்படும் மடக்குத் துப்பாக்கி. நடுவில் மடித்துத் தோட்டா போடுவது. பயணத்தைப் பொறுத்தவரை இந்த அமைப்பு ஒரு நல்ல வசதி. மடித்துப் பார்த்தால் குழல் காலியா இல்லையா என்பது எதிரே நிற்பவருக்கும் கண்ணால் தெரிந்துவிடும்.

ஒரு துப்பாக்கி, மூன்று கேள்விகள்

வேட்டைக்குக் கிளம்புகிறவர் தம்மைத் தாமே கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று.

முதலாவது: இந்தத் துப்பாக்கியை நான் வைத்திருக்கலாமா? இதற்குப் பதில் சொல்வது போலீஸ். உரிமம் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு, ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்கு வழங்கப்படுவது. பயிர்க் காவலுக்கு, வேட்டைக்கு, தற்காப்புக்கு என்று ஒவ்வொரு உரிமத்துக்கும் ஒரு காரணம் உண்டு. அதில் எழுதியிருக்கும் நிபந்தனைகள் வெறும் அலங்காரம் அல்ல. குளுவாங்கில் உள்ள நிலத்தைக் காப்பதற்காக வாங்கிய துப்பாக்கியை மெர்சிங்கில் மைத்துனர் நிலத்துக்குக் கொண்டு போகலாமா என்பதற்கு அந்த நிபந்தனைகளில்தான் விடை இருக்கிறது. விடை தெளிவாக இல்லையென்றால், கிளம்புவதற்கு முன்பே மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் உரிமப் பிரிவைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக் கொள்வதுதான் புத்திசாலித்தனம். முகப்பில் நிற்பவர் வாய்மொழியாகச் சொன்ன 'போகலாம்' என்ற வார்த்தை, நூறு மைலுக்கு அப்பால் உள்ள சாலைத் தடுப்பில் உதவாது.

இரண்டாவது: இந்த விலங்கை நான் சுடலாமா? இதற்குப் பதில் சொல்வது வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தான். 1972ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலங்குகளை இரண்டு பட்டியலாகப் பிரிக்கிறது. பாதுகாக்கப்பட்டவை, முழுமையாகப் பாதுகாக்கப்பட்டவை. முதல் பட்டியலில் உள்ளவற்றை வேட்டையாட உரிமம் தேவை. காட்டுப்பன்றியும் இந்தப் பட்டியலில்தான் வருகிறது. இரண்டாவது பட்டியலில் உள்ள புலி, யானை, தாப்பிர் போன்றவற்றை வேட்டைக்காரர் தொடவே கூடாது. எந்தப் பருவத்தில், எந்த முறையில், எந்த நேரத்தில் வேட்டையாடலாம் என்பதற்கும் தனி உத்தரவு உண்டு. இந்தச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, கடுமையான குற்றங்களுக்கு அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரையிலும் சிறைத் தண்டனை 15 ஆண்டுகள் வரையிலும் உயர்த்தப்பட்டது. நாட்டில் எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று தேசியக் கணக்கெடுப்பு சொன்ன பிறகு, துப்பாக்கியோடு காட்டோரம் போகும் எந்தக் காரையும் அதிகாரிகள் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை.

பயிரை அழிக்கும் விலங்கைச் சுடலாம் என்று சட்டத்தில் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் முதலில் விரட்டிப் பார்க்க வேண்டும். வேறு வழியே இல்லாதபோதுதான் சுடலாம். சுட்ட பிறகு இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். தம் நிலத்தைக் காக்கும் விவசாயிக்குக் கொடுக்கப்பட்ட இந்தச் சலுகையைக் காட்டி, வார இறுதியில் நான்கு கார்களில் வேட்டைக்குப் போக முடியாது.

மூன்றாவது: இந்த இடத்துக்குள் நான் போகலாமா? செம்பனைத் தோட்டம் என்றால் அதற்கு ஒரு முதலாளி இருக்கிறார். அவருடைய சம்மதம் வேண்டும். வனக் காப்பகம் என்றால் வனத்துறையின் நுழைவு அனுமதி வேண்டும். எண்டாவ் ரொம்பின் போன்ற தேசியப் பூங்கா என்றால் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜொகூரில் பல இடங்களில் தோட்டமும் காப்பகமும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. காலடி எந்தப் பக்கம் என்பது தெரியாமல் போனவர்கள், 'வழி தவறிவிட்டோம்' என்று சொன்னால் நம்புவதற்கு ஆள் கிடையாது.

இந்த மூன்று கேள்விகளில் ஒன்றுக்கு 'தெரியாது' என்று பதில் வந்தாலும் துப்பாக்கி பெட்டியை விட்டு வெளியே வரக் கூடாது. அலுவலகங்கள் திறந்திருக்கும் நாளையும் பார்த்துக் கொள்ள வேண்டும். 2025 ஜனவரி முதல் ஜொகூரில் மீண்டும் சனி, ஞாயிறு வார விடுமுறை. சனிக்கிழமை காலை வேட்டைக்கு வெள்ளிக்கிழமை இரவில் அனுமதி தேடினால் கிடைக்காது.

காரில் எப்படி வைப்பது?

துப்பாக்கியைக் காருக்குள் வைப்பதில் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையை ஒவ்வொரு முறையும் மாற்றாமல் பின்பற்றுவது பழக்கமாகிவிட வேண்டும்.

முதலில் துப்பாக்கியை மடித்து, குழல் இரண்டையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். இருட்டில் கண் ஏமாற்றும், விரல் ஏமாற்றாது. பிறகு உடன் வருபவர் ஒருவரையும் பார்க்கச் சொல்ல வேண்டும். காலி என்று இரண்டு பேர் சொன்ன பிறகுதான் அது காலி.

அடுத்து, துப்பாக்கியைக் கெட்டியான பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். தோட்டாக்களை வேறு ஒரு பெட்டியில் எண்ணி வைத்து, அதையும் பூட்ட வேண்டும். இரண்டு பெட்டிகளும் காரின் பின் பெட்டியில் தனித்தனியாக இருக்க வேண்டும். பின் இருக்கையில், காலடியில், ஓட்டுநர் பக்கத்தில் என்று எதுவும் கூடாது. தோட்டாக்களின் எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி உரிமத்தோடு வைத்துக் கொள்வது நல்லது. புறப்படும்போது 20, சுட்டது 3, திரும்பும்போது 17. இந்தக் கணக்கு எதற்கு என்பது பின்னால் புரியும்.

வண்டி ஓடும்போது துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது என்பதற்குச் சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. தோட்டச் சாலை மேடும் பள்ளமுமானது. ஏற்றிய துப்பாக்கி பிக்கப் வண்டியின் பின்னால் உருண்டு கிடக்கும். வந்து சேர்ந்ததும் அவசரத்தில் குழலைப் பிடித்து இழுப்பார்கள். விசை ஏதோ ஒன்றில் மாட்டும். குழலின் வாய் இழுப்பவரின் வயிற்றைப் பார்த்திருக்கும். வேட்டைக்குப் போனவர் உடலாகத் திரும்பி வந்த கதைகளில் பல, பன்றியைப் பார்ப்பதற்கு முன்பே முடிந்து போனவை. இன்னும் சில, புதருக்குள் அசைந்தது பன்றி என்று நினைத்துக் கூட வந்த நண்பரைச் சுட்டவை. இப்படிப்பட்ட செய்திகள் மலேசியப் பத்திரிகைகளில் அவ்வப்போது வந்து கொண்டேதான் இருக்கின்றன.

வழியில் சாப்பிட நிறுத்தினால் ஒருவராவது காரிலேயே இருக்க வேண்டும். அல்லது கார் கண் பார்வையில் இருக்க வேண்டும். கார் கண்ணாடியை உடைத்துக் கைப்பையைத் திருடுபவன், பின் பெட்டியில் துப்பாக்கியைக் கண்டால் விட்டுவிட்டுப் போக மாட்டான். திருடு போன துப்பாக்கி அடுத்து எந்தக் கொள்ளையில் வெளியே வரும் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அதில் பொறித்திருக்கும் எண் யாருடைய உரிமத்தில் இருக்கிறது என்பது போலீசுக்குத் தெரியும். துப்பாக்கி காணாமல் போனால் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்காமல் உடனே பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும்.

இரவு தங்க வேண்டிய பயணமாக இருந்தால் இந்தக் கவலை இரட்டிப்பு. தங்கும் விடுதியின் வாகன நிறுத்துமிடத்தில் துப்பாக்கியை விட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. உறவினர் வீட்டில் தங்கினால் பூட்டிய பெட்டியின் சாவி உரிமம் பெற்றவரின் இடுப்பில் இருக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை இரண்டு முறை சொல்லத் தேவையில்லை.

சாலைத் தடுப்பில் என்ன செய்வது?

இரவில் டார்ச் விளக்கோடு நிற்கும் இளம் போலீஸ்காரருக்கும் பயம் உண்டு. அந்தப் பயத்தைப் போக்குவது காரில் இருப்பவரின் வேலை.

வண்டியை மெதுவாக நிறுத்தி, உள் விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மீது வைக்க வேண்டும். அவர் கேட்பதற்கு முன்பே, மரியாதையாக, 'டத்தோ' 'துவான்' என்று குழையாமல், நேராகச் சொல்ல வேண்டும்: பின் பெட்டியில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது, தோட்டா தனியாக இருக்கிறது, உரிமம் இன்ன இடத்தில் இருக்கிறது. அவர் சொன்ன பிறகுதான் கையை அசைக்க வேண்டும். பெட்டியைத் தாமாகவே இறங்கித் திறக்கப் போவது, துப்பாக்கியை எடுத்துக் காட்ட முற்படுவது இரண்டும் ஆபத்து. சோதனையில் அவர்களாகவே கண்டுபிடித்தால் அது 'மறைத்து வைத்திருந்தது' ஆகிவிடும். முதலில் சொல்லிவிட்டால் அதே துப்பாக்கி வெறும் ஒரு பொருள்.

அப்போது கையில் இருக்க வேண்டியவை: போலீஸ் உரிமத்தின் அசல், அடையாள அட்டை, பெர்ஹிலித்தான் வேட்டை உரிமம், வனக் காப்பகம் என்றால் நுழைவு அனுமதி, தனியார் தோட்டம் என்றால் உரிமையாளரின் கடிதம். தோட்டா எண்ணிக்கைத் தாள் உதவுவது இங்கேதான். கணக்கு சரியாக இருப்பவரிடம் கேள்வி குறையும்.

உடன் வருபவர் கதி என்ன?

கூட வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பையனை மறந்துவிடக் கூடாது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவரோடு சேர்ந்து திரிபவருக்கும் 14 ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படிகளும் விதிக்கிறது. உரிமம் சரியாக இருந்தால் அச்சம் இல்லை. ஆனால் துப்பாக்கிக்காரரின் உரிமம் காலாவதியாகிவிட்டது என்பது உடன் வந்தவருக்கு எப்படித் தெரியும்? காரில் ஏறுவதற்கு முன் 'அண்ணே, லைசென்ஸைக் காட்டுங்க' என்று கேட்பது அவமரியாதை ஆகாது. கேட்டால் கோபித்துக் கொள்கிறவரோடு போகாமல் இருப்பதே மேல்.

இன்னொன்று, இரவல். துப்பாக்கி வாளியோ ஏணியோ அல்ல, பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுக்க. உரிமம் ஆளுக்கு உரியது. 'ஒரு நாள்தானே' என்று தம்பியிடம் கொடுத்தனுப்பினால், வழியில் பிடிபடுவது உரிமம் இல்லாத தம்பி. கொடுத்தவரும் தப்ப முடியாது.

இதே இடத்தில் குடும்பங்கள் தெரியாமல் செய்யும் ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். அப்பா இறந்து போகிறார். அலமாரியில் அவருடைய துப்பாக்கி இருக்கிறது. உரிமம் அவர் பெயரில். அது நிலம் வீடு போல வாரிசுக்குத் தானாக வந்து சேராது. நல்லெண்ணத்தோடு போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கலாம் என்று மகன் காரில் எடுத்துப் போகிறார். வழியில் சோதனை வந்தால்? ஆகவே துப்பாக்கியைத் தொடாமல் முதலில் போலீசுக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்லும் முறைப்படி ஒப்படைப்பதே பாதுகாப்பு.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஜொகூர்க்காரர்களுக்கு மட்டும் உள்ள ஒரு தனி ஆபத்து இது. சனிக்கிழமை கோத்தா திங்கி பக்கம் வேட்டைக்குப் போன அதே கார், திங்கட்கிழமை விடியற்காலையில் வேலைக்காகச் சிங்கப்பூருக்குப் போகிறது. இருக்கைக்கு அடியில் உருண்டு போன ஒரே ஒரு தோட்டா, ஜொகூர் பாருவில் கண்ணில் படாமல் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் கண்ணில் படுகிறது.

சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டம், சட்டவிரோதமாக ஆயுதமோ தோட்டாவோ வைத்திருப்பவருக்குக் குறைந்தது 5 ஆண்டுகள், அதிகம் போனால் 10 ஆண்டுகள் சிறையும், குறைந்தது 6 பிரம்படிகளும் விதிக்கிறது. மலேசிய உரிமம் அங்கே வெறும் தாள். 'மறந்துவிட்டேன்' என்பதை நிரூபிக்க வழக்கறிஞர், நீதிமன்றம், மாதக் கணக்கில் அலைச்சல், வேலை இழப்பு. புறப்படும்போது 20, சுட்டது 3, திரும்பும்போது 17 என்று எழுதிய அந்தத் தாளின் அருமை இங்கே தெரியும். எண்ணிக்கை 16 என்று வந்தால், அந்த ஒன்று கிடைக்கும் வரை கார் பாலம் ஏறக் கூடாது. இயன்றால், சிங்கப்பூர் போகும் காரை வேட்டைக்குக் கொண்டு போகாமல் இருப்பதே நல்லது.

விமானம், ரயில், பேருந்து

பேருந்திலும் ரயிலிலும் மற்றப் பயணிகளோடு துப்பாக்கியைக் கொண்டு போவது சரிப்பட்டு வராது. தவிர்ப்பதே நல்லது.

விமானப் பயணத்துக்கு உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே முறைதான். பயணி கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது. விமான நிறுவனத்திடம் பல நாட்களுக்கு முன்பே தெரிவித்துச் சம்மதம் வாங்க வேண்டும். காலியான துப்பாக்கி பூட்டிய பெட்டியில், சரக்கு அறைக்குப் போகும் பையாகத்தான் போக வேண்டும். தோட்டாக்களுக்கு அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதி, சொந்த உபயோகத்துக்கு ஒரு பயணிக்கு மொத்தம் 5 கிலோ. இரண்டு பேருடைய அளவையும் சேர்த்து ஒரே பெட்டியில் கட்ட முடியாது. இவ்வளவுக்கும் பிறகு விமான நிறுவனம் 'மாட்டோம்' என்று சொல்லவும் உரிமை உண்டு.

சினாயிலிருந்து கோத்தா கினபாலு போவது உள்நாட்டுப் பயணம்தான். ஆனால் வனவிலங்குச் சட்டம் மாறிவிடுகிறது. சபாவுக்கு 1997ஆம் ஆண்டின் சொந்தச் சட்டம், சரவாக்குக்கு 1998ஆம் ஆண்டின் சொந்தச் சட்டம். தீபகற்பத்தின் பெர்ஹிலித்தான் உரிமம் அங்கே செல்லாது. 2021இல் சபாவில் தென்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பிறகு தீபகற்பத்துக்கும் வந்ததால், சுட்ட பன்றியின் இறைச்சியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டு போவதிலும் கால்நடைச் சேவை இலாகாவிடம் கேட்டு நடப்பது நல்லது. பண்ணைப் பன்றிகளுக்கு நோய் பரவினால் இழப்பு அயலாருக்கு.

மற்ற நாடுகளில்

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் எந்த எல்லைவரை செல்லும் என்பது உரிமத்திலேயே எழுதப்படுகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அங்கே பொழுதுபோக்கு வேட்டை என்பது இல்லாமலே போய்விட்டது. துப்பாக்கி தாராளமாகக் கிடைக்கும் அமெரிக்காவில்கூட, ஒரு மாநிலத்தைக் கடந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகிறவருக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு தருவது, துப்பாக்கி காலியாக, கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் மட்டுமே. நாடுகள் வேறு, தண்டனைகள் வேறு. ஆனால் 'காலி, பூட்டு, தனி' என்ற மூன்று சொற்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

மறுபடியும் ஜெமாலுவாங்

முதலில் பார்த்த குளுவாங் நண்பர் என்ன செய்திருக்க வேண்டும்? மைத்துனர் கூப்பிட்டதும், 'இந்த வாரம் முடியாது, முதலில் கேட்டுப் பார்க்கிறேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். உரிமத்தின் நிபந்தனையைப் படித்து, போலீஸ் உரிமப் பிரிவில் விசாரித்திருக்க வேண்டும். மெர்சிங் பெர்ஹிலித்தானிடம் மைத்துனரே முறையிட்டால், அவர்களே வந்து பார்ப்பார்களா, உரிமம் தருவார்களா என்று கேட்டிருக்க வேண்டும். அனுமதி கிடைத்தால், அசல் தாள்களோடு, பூட்டிய இரண்டு பெட்டிகளோடு, பகல் வெளிச்சத்தில் கிளம்பியிருக்க வேண்டும். கிடைக்காவிட்டால், மெர்சிங்கிலேயே உரிமம் உள்ள ஒருவரை மைத்துனர் அழைத்திருக்கலாம்.

இதற்கு இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். அதற்குள் பன்றி இன்னும் கொஞ்சம் மரவள்ளியைத் தோண்டும். நட்டம்தான். ஆனால் மரவள்ளி மறுபடியும் முளைக்கும். சிறையில் போகும் பதினான்கு ஆண்டுகள் திரும்பி வராது. உரிமம் பெற்ற துப்பாக்கி என்பது அரசாங்கம் ஒருவர் மீது வைத்த நம்பிக்கை. வீட்டுப் பெட்டியில் பூட்டி இருக்கும்போது அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது சுலபம். சாலையில் இறங்கிய பிறகும் காப்பாற்றுபவரே அந்த உரிமத்துக்கு உண்மையில் உரியவர்.